நாலு மீட்டர் தூரம்

பட்டாசுச் சத்தத்துக்கு மத்திய அரசு ஒரு கணக்கு வைத்திருக்கிறது, தெரியுமா? வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி மைக்கை வைத்து அளக்க வேண்டும். 125 டெசிபலைத் தாண்டினால் அந்த வெடியைத் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது, வெடிக்கவும் கூடாது. 1999-ல் வந்த விதி.

சரவெடிக்குத் தனிக் கணக்கு. எத்தனை வெடி கோத்திருக்கிறதோ, அதற்குத் தகுந்தபடி லாகரிதம் போட்டு டெசிபலைக் குறைக்க வேண்டும். நூறு வெடிச் சரம் என்றால் ஒவ்வொரு வெடியும் 115-க்குள் அடங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த லாக் டேபிள் வாழ்க்கையில் எதற்கு உதவியது என்று கேட்பவர்களுக்கு இதோ பதில். ஆனால், 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டுவிட்டதால், அந்தப் பதிலும் நமுத்துப்போய்விட்டது!

எனக்கு லாகரிதத்தைவிட அந்த நாலு மீட்டர்தான் சுவாரஸ்யம். சத்தம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், வெறும் நம்பரைச் சொல்லி முடியாது. ‘எங்கே நின்று கேட்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். தீபாவளி காலையில் நீங்களும் நானும் ஊதுபத்தியை நீட்டிப் பற்றவைத்துவிட்டு, ஓடிப்போய் நாலு மீட்டருக்கு அப்பால் நின்று காதைப் பொத்திக்கொள்கிறோம். அதே வெடி ஆறு மாசத்துக்கு முன்னால் சிவகாசிப் பக்கம் ஒரு பெண்ணின் கைக்குள் இருந்தது. அவருக்கும் அதற்கும் நடுவில் தூரமே கிடையாது.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? கரிசல் காடு, கருவேல மரம். நடுநடுவே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். பக்கத்தில் பக்கத்தில் கட்டாததற்குக் காரணம் இடம் தாராளமாகக் கிடக்கிறது என்பதல்ல. ஒன்று போனாலும் அடுத்தது மிஞ்ச வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அதை ஃபேக்டரி என்று சொல்வதில்லை, ‘ஆபீஸ்’. தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ். “அக்கா எங்க?” “ஆபீஸுக்குப் போயிருக்கு.” டை கட்டிய ஆபீஸ் இல்லை. அலுமினியப் பொடி படிந்து கையெல்லாம் வெள்ளிப் பூச்சாகத் திரும்பி வருகிற ஆபீஸ்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மழை குறைவு, விவசாயம் கஷ்டம், வெயில் மட்டும் மிச்சம். அந்த வெயிலையே மூலதனமாக்கிய ஊர். குட்டி ஜப்பான் என்றெல்லாம் பெயர் வாங்கியாகிவிட்டது. யாரும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தியாவில் சத்தத்தையே திட்டம் போட்டுத் தயாரித்து, டஜன் கணக்கில் கட்டி, விலைப்பட்டியலோடு அனுப்பிவைக்கிற ஊர் இது.

எப்படிச் செய்கிறார்கள்? அணுகுண்டைப் பாருங்கள். உள்ளே இருக்கிற மருந்து ஒரு சிட்டிகைதான். அதை வெறும் தாளில் கொட்டிப் பற்றவைத்தால் பளிச்சென்று எரிந்து போகும். அதையே சுற்றிச் சுற்றிச் சணலால் இறுக்கும்போது உள்ளே உண்டாகிற வாயுவுக்குப் போக இடமில்லை. முட்டி, மோதி, சுவரைக் கிழித்துக்கொண்டு ஒரே கணத்தில் வெளியே வருகிறது. டமார். இறுக்கம் தளர்ந்தால் ‘புஸ்’. அதாவது சத்தம் மருந்தில் பாதி, கட்டுகிற கையில் பாதி.

சரவெடி இன்னும் நுட்பம். இரண்டு வெடிக்கு நடுவில் திரி எவ்வளவு நீளம் என்பதுதான் தாளம். நெருக்கிப் பின்னினால் சடசடசட, விட்டுப் பின்னினால் டப்… டப்… டப். விசில் வெடி? அது ஒரு குழாய் வாத்தியமேதான். அடைத்த மருந்து விட்டுவிட்டுத் துடித்துத் துடித்து எரியும். அந்தத் துடிப்பு குழாய்க்குள் இருக்கிற காற்றை ஆட்டும். மருந்து கரையக் கரையக் காலிக் குழாயின் நீளம் கூடும், சுருதி இறங்கும். ‘வீ…’ என்று தொடங்கி ‘ஊ…’ என்று முடிவது அதனால்தான். புல்லாங்குழலில் துளைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் சுருதி இறங்குமே, அதே விஷயம்.

இதையெல்லாம் சங்கீதம் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால், உலகத்தில் ஒரு கோஷ்டி எண்பது வருஷமாக ஏறக்குறைய இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ராகம், தாளம், பாட்டு என்று வடிகட்டி வைத்ததற்கு வெளியே இருக்கிற சத்தங்களையும் காது கொடுத்துக் கேளுங்கள் என்கிறது. பரிசோதனை இசை என்று பேர். அந்தக் கோஷ்டியின் பெரிய தலை ஜான் கேஜ் என்ற அமெரிக்கர்.

கேஜின் கதையில் நம் நாட்டுக்காரப் பெண் ஒருவர் வருகிறார். அகமதாபாத்தின் கீதா சாராபாய். பெரிய மில் முதலாளி குடும்பம். பெண்கள் தொடாத பக்கவாஜ் என்ற மத்தளத்தைக் கற்று வாசித்தவர். 1946-ல் மேல்நாட்டு இசை படிக்க நியூயார்க் போனார். வாத்தியார் ஜான் கேஜ். “ஃபீஸ் எவ்வளவு?” என்றதற்கு கேஜ், “பணம் வேண்டாம். பதிலுக்கு நீ எனக்கு இந்திய இசை சொல்லிக்கொடு” என்கிற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். பண்டமாற்று! “சங்கீதம் எதற்காக?” என்று கேஜ் கேட்டபோது, தன் குரு சொன்னதை கீதா சொன்னார். மனசை அடக்கி அமைதியாக்கி, தெய்வத்துக்கு இடம் விடுவதற்காக என்கிற பொருளில். கிளம்பும்போது ராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேசப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பதிலை கேஜ் கடைசி வரை மறக்கவில்லை.

1952 ஆகஸ்ட் 29. நியூயார்க் மாகாணத்தில், உட்ஸ்டாக் என்ற ஊரில், ஒரு மரக் கொட்டகை. டேவிட் ட்யூடர் என்ற பியானோக்காரர் மேடைக்கு வந்து உட்கார்ந்தார். பியானோவின் மூடியைச் சாத்தினார். சும்மா இருந்தார். நடுவில் இரண்டு தடவை மூடியைத் திறந்து மூடினார். நாலு நிமிஷம் முப்பத்துமூன்று விநாடி. எழுந்து போய்விட்டார். ஒரு ஸ்வரம் வாசிக்கவில்லை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், சிலர் எழுந்தே போனார்கள். வெளியே காற்று, கூரையில் மழைத் துளி, நாற்காலி முனகல். கேஜ் சொன்னார், அதுதான் கச்சேரி என்று.

ஏமாற்று வேலை என்று தோன்றுகிறதா? தோன்றட்டும். தப்பில்லை. ஆனால், அதே டேவிட் ட்யூடர் 1969-ல் எங்கே போனார் தெரியுமா? கீதாவின் ஊருக்கு, அகமதாபாத்துக்கு. கீதாவின் சகோதரர் கௌதமும் சகோதரி கிராவும் முன்னின்று உருவாக்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் அங்கே இருந்தது. என்.ஐ.டி. என்பார்கள். அங்கே ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்து நிறுவிக் கொடுத்தார் ட்யூடர். ஏகப்பட்ட திருகும் பிளக்குமாக, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல இருக்கும். ஒயரை இங்கே செருகி அங்கே செருகினால், மின்சாரத் துடிப்பு ஒலியாக வரும். ஒரு பகுதி துடிப்பை உண்டாக்கும், ஒரு பகுதி வடிகட்டும், ஒரு பகுதி அது எப்படித் தொடங்கி எப்படி அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும். நம் விசில் வெடியில் குழாயும் மருந்தும் சேர்ந்து பார்க்கிற வேலையை, இங்கே திருகும் ஒயரும் பார்க்கின்றன. என்ன, பத்து விரலும் பத்திரமாக இருக்கும்.

அங்கே கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று ஒரு சின்னக் கூட்டம் விதவிதமாகச் சத்தம் பண்ணிப் பார்த்தது. ஒருவர் விண்வெளிக் கப்பலைக் கற்பனை செய்து ‘ஸ்பேஸ் லைனர் 2001’ என்று போட்டார். இன்னொருவர் ‘மை பேர்ட்ஸ்’ என்று தலைப்பு வைத்தார். 1972 வாக்கில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. டேப் சுருள்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தூங்கின. 2017-ல் லண்டனிலிருந்து வந்த பால் புர்காஸ் என்ற இசைக்கலைஞர் அவற்றைத் தேடிப் பிடித்தார். 2023-ல் ஆல்பமாக வெளிவந்தது. நாற்பத்தைந்து வருஷம்! அதற்குள் நம் ஊர் ஆட்டோக்களில் இளையராஜா எலெக்ட்ரானிக் ஒலியை ஓடவிட்டு, 1992-ல் ‘ரோஜா’வும் வந்து, கீபோர்டு இல்லாத கல்யாணக் கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. ‘இது எலெக்ட்ரானிக், இது பரிசோதனை’ என்று யாரும் நமக்குச் சீட்டு எழுதி ஒட்டவில்லை. நாமும் பாட்டுக்குக் கேட்டோம்.

அந்த ஆல்பத்தைக் கேட்டபோது எனக்கு ஒரு நமைச்சல். இதெல்லாம் யாருக்காகச் செய்தார்கள்? பெரிய கட்டடம், விலை உயர்ந்த மெஷின், படித்தவர்கள் நாலு பேர். எல்லாச் சத்தமும் சங்கீதம்தான் என்று கேஜ் கதவைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால், திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது புதுப்புதுச் சத்தங்கள். புதுப்புது மனிதர்கள் வந்தார்களா? கேட்கிறவன் யார், அவனுக்குக் காது எப்படி, அவன் எங்கே நிற்கிறான் என்று யாராவது கேட்டார்களா? நாலு மீட்டர் விஷயம்தான், வேறொன்றுமில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு பெண் தன் உடம்பாலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எவலின் க்ளென்னி. ஸ்காட்லாந்துக்காரர், 1965-ல் பிறந்தவர். எட்டு வயசில் காது மங்க ஆரம்பித்து, பன்னிரண்டு வயசில் ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது. அப்போதுதான் டிரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்! பள்ளிக்கூடத்து வாத்தியார் விரட்டவில்லை. “சுவரில் கையை வை” என்றார். டிம்பனி என்ற பெரிய கொட்டை அடித்துக் காட்டினார். சுவர் வழியே கைக்கு அதிர்வு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண் கண்டுபிடித்தார். கீழ் சுருதி காலிலும் பாதத்திலும் தெரிகிறது, மேல் சுருதி முகத்திலும் கழுத்திலும் தெரிகிறது. இன்றைக்கு உலகத்தின் பெரிய தாளவாத்தியக் கலைஞர்களில் ஒருவர். மேடையில் செருப்பு போட மாட்டார். நம் ஊர்க் கோயிலுக்குப் போகிற மாதிரி வெறுங்கால். பக்திக்காக அல்ல. தரைதான் அவருக்குக் காது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் டிரம்காரர்களுக்கு முன்னால் நின்று வாசித்தது இவர்தான்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. நம் தோலுக்கு விநாடிக்கு 250 துடிப்பு வாக்கில் உணர்வு ரொம்பக் கூர்மை. ஆயிரத்தைத் தாண்டினால் அநேகமாகத் தெரியாது. அதனால்தான் வயலினின் உச்சஸ்தாயி தோலுக்கு எட்டுவதில்லை, கொட்டுச் சத்தம் எட்டுகிறது.

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அம்மன் கோயில் பொங்கல். சாமி ஆட்டம். உறுமி, தப்பு எல்லாம் உச்சத்தில். உறுமியை உங்களுக்குத் தெரியும். வளைந்த குச்சியால் ஒரு பக்கத்துத் தோலைத் தேய்க்கத் தேய்க்க ‘ம்ம்ம்…ங்ங்…’ என்று ஒரு முனகல் ஏறி இறங்கும். மூக் சிந்தசைசரில் இந்தச் சத்தத்தை வரவழைக்க எத்தனை ஒயர் செருக வேண்டுமோ! உறுமிக்காரருக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன். வாத்தியத்தின் கட்டையில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நிற்கிறான். உறுமிக்காரர் தேய்க்க, பையனின் தோள்பட்டை அதற்குத் தகுந்தாற்போல் எழும்பி இறங்குகிறது. தாளம் தப்பவே இல்லை. ஆட்டக்காரர்களைவிடச் சுத்தம். “யாருப்பா பையன், பிரமாதமா ஆடுறான்?” என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். “அவனுக்குக் காது கேக்காது, வாயும் பேச வராது சார். கொட்டுன்னா மட்டும் எங்க இருந்தாலும் வந்துருவான்” என்றார்.

கொட்டு வருகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? “தரை சொல்லும்ல?” என்றார் பெரியவர், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அவர் எவலின் க்ளென்னியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். தேவையும் இல்லை. உறுமிக்காரர் அந்தப் பையனைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? வாத்தியத்தின் மேல் கை வைத்தால் யாருக்குமே கோபம் வரும். ஒரு பக்கம் கை அழுந்தினால் நாதம் கொஞ்சம் மட்டுப்படும். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற கலை என்று இப்போது மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, அது அந்தப் பொட்டலில் விளம்பரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

சத்தம் காதுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘சத்தம் கேட்டு அடிவயிறு கலங்கிடுச்சு’ என்கிறோம். ‘நெஞ்சு அதிர்ந்துபோச்சு’ என்கிறோம். ‘வயித்துல புளியைக் கரைச்சுது’ என்கிறோம். கோயில் திருவிழாவில் போடுகிற வேட்டுக்குப் பேரே அதிர்வேட்டு. கேள்வேட்டு இல்லை பாருங்கள்.

தரை சொல்லும் என்று பெரியவர் சொன்னது சிவகாசிக்காரர்களுக்கு வேறு விதத்தில் அர்த்தமாகும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி. கெட்டித் தரையில் அதிர்வு இதைவிடப் பல மடங்கு வேகம். ஆக, தூரத்தில் ஓர் அறை போனால், காதுக்கு வருவதற்கு முன்னால் பாதத்துக்குச் சேதி வந்துவிடும். அடுக்களையில் பாத்திரம் சிலுங்கும். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அப்புறம்தான் டமார். அந்த ஒன்றிரண்டு விநாடியில் எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியிருப்பார்கள்! எந்தத் திசை? நம்ம ஆளு வேலை செய்ற பக்கமா? மறுநாள் பேப்பரில் ‘மருந்து உராய்வினால் விபத்து’ என்று நாலு வரி. உராய்வு! உறுமிக்கும் அதுதான் மூலம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி. பட்டாசு ஆலையில் தீப்பிடித்து வெடிக்க ஆரம்பித்தது. செத்துப்போனவர்கள் நாற்பது பேருக்குப் பக்கம். அதில் நிறையப் பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் சத்தத்தைக் கேட்டு, காப்பாற்றலாம் என்றும் என்னவென்று பார்க்கலாம் என்றும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். அடுத்த பெரிய வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். நமக்கு வெடிச் சத்தம் என்றால் ‘ஒதுங்கி நில்’. அவர்களுக்கு அது ‘ஓடி வா’ என்று கேட்டிருக்கிறது. ஒரே சத்தம்தான்.

அதனால்தான் ‘இது சத்தமா, சங்கீதமா?’ என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. யாருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. காது கேளாத பிள்ளைக்கும் தீபாவளி முழுத் தீபாவளிதான். வெளிச்சம் கண்ணுக்கு, கந்தக வாசனை மூக்குக்கு, அணுகுண்டின் அதிர்வு நெஞ்சுக்கூட்டுக்கு. மல்டிமீடியா என்று கம்ப்யூட்டர் சென்டர் போர்டில் எழுதுவதற்கு முன்பே மத்தாப்புப் பெட்டிக்குள் அது இருந்தது. ஆனால், அதே தெருவில் நாலு வீடு தள்ளி, ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை தலையணைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்கும். கைக்குழந்தை வீறிடும். இதய நோயாளித் தாத்தாவுக்குப் படபடக்கும். நாய் கட்டிலுக்கு அடியில். ஒருத்தரைச் சேர்த்துக்கொள்கிற சத்தமே இன்னொருத்தரை வெளியே தள்ளுகிறது. எல்லோருக்குமான கலை என்பது வால்யூமை ஏற்றுகிற வேலை மட்டும் இல்லை. இறக்கத் தெரிவதும்தான்.

இறக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அதை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்ற கிராமம். எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, தலைமுறையாக. வெடிச் சத்தத்தில் குஞ்சுகளுக்கு ஏதாவது ஆகிவிடும், தாய்ப் பறவைகள் கூட்டை விட்டுப் பறந்துவிடும் என்று. பிள்ளைகளும் கேட்டுக்கொள்கிறார்கள். வனத்துறைக்காரர்கள் தீபாவளிக்கு ஸ்வீட் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

ஜான் கேஜ் நாலரை நிமிஷம் சும்மா இருந்ததற்கு உலகம் முழுக்கப் பேர் வந்தது. கொள்ளுக்குடிப்பட்டி தீபாவளி முழுக்கச் சும்மா இருக்கிறது. கேஜ் ஒரு தடவை ஹார்வர்டில், துளிச் சத்தம்கூட நுழையாத அறைக்குள் போய் நின்று பார்த்தாராம். நிசப்தத்தைக் கேட்கலாம் என்று போனவருக்கு இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று கீச்சு, ஒன்று கனம். வெளியே வந்து இன்ஜினீயரிடம் விசாரித்தால், “உங்கள் நரம்பும் ரத்த ஓட்டமும்தான் சார்” என்றிருக்கிறார். முழு நிசப்தம் என்று எதுவும் இல்லை, உயிர் இருக்கிற வரை சத்தம் இருக்கும் என்று புரிந்துகொண்டு வந்தார். கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்களுக்கு அதற்கு ஹார்வர்டு வரை போகவேண்டியிருக்கவில்லை. தாங்கள் சும்மா இருந்தால் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளின் குரல் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பட்டாசே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஊரில் ஒரு ஃபயர் ஆபீஸ் மூடினால் எத்தனை அடுப்பு அணையும் என்பது விருதுநகர் மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். சத்தத்தைக் குறை, பேரியத்தை எடு, புகையைக் குறை என்று ஒவ்வொரு தீர்ப்பு வரும்போதும் அங்கே வயிற்றில்தான் முதல் அதிர்வு. வெடிப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் போதுமா போதாதா என்பது பிரச்னை. செய்பவர்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு பிரச்னை.

எனக்கு ஓர் ஆசை உண்டு. அகமதாபாத்தில் செய்தார்கள், லண்டனில் செய்கிறார்கள், சிவகாசியில் ஒருநாள் ஓர் ஒலி நிகழ்ச்சி நடக்க வேண்டும். வெடி எதுவும் வேண்டாம், அது அங்கே போதுமான அளவுக்கு இருக்கிறது. அச்சகங்களில் ஆஃப்செட் மெஷின் காகிதத்தைத் தள்ளுகிற ‘டக்கு டக்கு’, தாள் குழாய் உருட்டுகிற சரசரப்பு, தீப்பெட்டியை அடுக்குகிற கடகட, மதிய சாப்பாட்டு மணி. இதையெல்லாம் பதிவு பண்ணி, கம்ப்யூட்டரில் போட்டு நீட்டி, குறுக்கி, அடுக்கலாம். இன்றைக்கு அதற்கு மூக் மெஷின் வேண்டியதில்லை, பிள்ளைகள் செல்போனிலேயே செய்துவிடுவார்கள். மரப்பலகைத் தரை போட்டு, அடியில் பெரிய ஸ்பீக்கர்களைக் கவிழ்த்து வைத்தால், காது கேளாதவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் கேட்பார்கள். சத்தத்தோடு சேர்ந்து விளக்கும் மாறட்டும். கூச்சல் தாங்காத பிள்ளைகளுக்கு ஓரமாக அமைதியான ஓர் அறை. நடுவில் எழுந்து போகலாம், திரும்பி வரலாம், யாரும் முறைக்கக் கூடாது. இப்படியெல்லாம் வெளிநாட்டுக் கச்சேரிகளில் வழக்கமாகவே வந்துவிட்டது.

முன் வரிசை நாற்காலியில் மட்டும் கலெக்டரையும் தலைவர்களையும் உட்காரவைக்கக் கூடாது. வெள்ளிக் கைக்காரப் பெண்கள் உட்கார வேண்டும். வருஷம் முழுக்க, ‘டமார்’ என்று ஏதாவது கேட்டுவிடக் கூடாதே என்று வேலை பார்க்கிறவர்கள். ஒரே ஒரு சாயங்காலமாவது பயப்படாமல் கேட்பதற்கு அவர்களுக்கும் ஒரு சத்தம் வேண்டாமா?

அது நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரைக்கும் நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டில் காது கேளாத ரசிகர்கள் கச்சேரிக்குப் போகும்போது செய்கிற உத்தி. ஒரு பலூனை நன்றாக ஊதி முடிந்துகொள்ளுங்கள். பாட்டைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கருக்கு எதிரே இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பலூனை லேசாகப் பிடியுங்கள். காதில் பஞ்சை வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுங்கள். தபேலாவும் பேஸும் கைக்குள் துடிக்க ஆரம்பிக்கும், பிடித்து வைத்த குருவி மாதிரி. பழைய இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஆயிரம் தடவை கேட்டதுதான் என்றாலும், அதில் இத்தனை நாள் கவனிக்காத ஒரு பேஸ் நடை கிடைக்கும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பலூனை அவர்களிடம் கொடுங்கள். உங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் தீபாவளிக்கு அணுகுண்டைக் கையில் எடுக்கும்போது, கொளுத்துவதற்கு முன்னால், அந்தச் சணல் சுற்றை ஒரு தடவை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு வரிசையாகச் சுற்றியிருக்கிறது என்று பார்க்கட்டும். அதைச் சுற்றிய கை நாலு மீட்டர் தள்ளி நின்று சுற்றவில்லை.

அதன் பிறகு கொளுத்தலாம். தள்ளி நின்று!